பதினாலு சென்டிமீட்டர்

"மேடம், உங்க பேஷண்டுங்ககிட்ட கொஞ்சம் சொல்லி வைங்க. மூஞ்சிக்குப் பவுடர் போட்டுக்கிட்டு வரட்டும், நான் வேண்டாங்கல. அதைத் தரையில கொட்டாம போட்டுக்கலாம்ல?"

அறையைத் துடைக்கிற ஆயாம்மா முதல் தடவை இப்படிச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். நோயாளிகள் பிடித்து நடக்கச் சுவரில் புதுக் கம்பி மாட்டி ஒன்பதாவது நாள் அது. சுவரோரமாக, கம்பியைத் தாங்கும் மூன்றாவது பிராக்கெட்டுக்கு நேர் கீழே, ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி கிடந்தது. இடுப்பு உடைந்தவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் நடை பழகுகிற அறை எங்களுடையது. இங்கே பவுடர் பூசிப் பொட்டு வைத்து வருகிற ஒரே ஆள் என் அக்காதான்.

"எங்க அக்கா வேலையாத்தான் இருக்கும். நான் சொல்லிடறேன்" என்றேன். சொல்லவில்லை. அக்காவிடம் அவள் பவுடரைப் பற்றிப் பேசிவிட்டு முழுசாகத் திரும்பி வர யாராலும் முடியாது. அக்கா அந்த மூன்றாவது பிராக்கெட் பக்கம் ஒரு நாளும் போனதே இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். பதினேழு வருஷமாக மனிதர்களை எழுப்பி நிறுத்தி நடக்கவைக்கிறேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. நோயாளிகள் என் காதுபடவே என்னை ஹெட்மாஸ்டர் என்பார்கள். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. விழுந்து எழுந்தவர்களுக்கு வலியைவிடப் பயம்தான் பெரிய நோய், அந்தப் பயத்திடம் கொஞ்சிப் பேசினால் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்று நம்புகிறவள் நான். "கம்பியை நம்புங்க, கால் தானா வரும்" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை கத்துவேன். மற்றவர்களின் பயத்தை அதட்டியே ஓட்டியவளுக்கு நாலு மாசத்துக்கு முன்னால் சொந்தமாக ஒரு பயம் வந்து சேர்ந்தது.

அக்காவுக்கு அப்போது ஒரு வாரக் காய்ச்சல். தலை சுற்றுகிறது என்றாள். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். நான் லீவு போட்டுவிட்டு அவளுடன் இருந்தேன். குளியலறையில் அவள் நின்றுகொண்டு முகம் கழுவினாள், நான் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்திருந்தேன். கூடத்தில் என் போன் அடித்தது. "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கையை எடுத்தேன். ஆறு அடி தூரம். போனை எடுத்தால், யாரோ ஒரு ஆள், தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்டார். ராங் நம்பர். நான் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை, ஈரத் துணி மூட்டையைக் கீழே போட்ட மாதிரி.

இடது இடுப்பு எலும்பு இரண்டாக உடைந்திருந்தது. கம்பியும் ஸ்க்ரூவும் வைத்து மூட்டினார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீயும் இந்தத் தொழிலில் இருக்கிறாய், உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை என்றார். எலும்பு பிஸ்கட் மாதிரி இருக்கிறது, இன்னொரு தடவை விழுந்தால் மறுபடி மூட்டுவதற்கு உள்ளே எதுவும் மிஞ்சாது, அப்புறம் கட்டில்தான். அத்தானிடம் நான் சொன்னது இதுதான்: "பிடிச்சிட்டுதான் இருந்தேன் அத்தான். கைய விட்டு வழுக்கிடுச்சு." அக்கா கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்தாள். மறுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஆஸ்பத்திரியில் புது நடைப்பயிற்சி அறை கட்டினார்கள். கம்பி எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வேலை என்னிடம் வந்தது. தரையில் போல்ட் போட்டு நிறுத்துகிற இரட்டைக் கம்பிதான் எப்போதும் என் முதல் விருப்பம். ஆனால் அந்தத் தரைக்குள் தண்ணீர்க் குழாய்கள் ஓடுகின்றன, ஒரு துளைகூடப் போடக்கூடாது என்று இன்ஜினியர் கையை விரித்துவிட்டார். மேனேஜருக்கு, அகலமான இரும்புப் பாதம் வைத்து எங்கே வேண்டுமானாலும் நகர்த்தி வைக்கிற ரகத்தின் மேல் ஆசை.

"இதுல என்ன மேடம் குறை? உறுதியாதான் இருக்கு" என்று அதை ஒரு தட்டு தட்டினார். அது ஆடியது.

"ஆடுற பல்லைப் பிடிச்சுக்கிட்டு நடக்கச் சொல்றீங்களா சார்? காலை இழுத்து நடக்கறவங்களுக்கு இந்த இரும்புப் பாதமே தடுக்கும்."

மேனேஜர் அந்த ஆசையை விட்டார். மிஞ்சியது சுவரில் மாட்டுகிற நீளக் கம்பி. தரை காலியாக இருக்கும், வீல்சேர் தாராளமாகத் திரும்பும். விற்கிறவர்கள் மூன்று மாதிரித் துண்டுகள் கொடுத்தார்கள். ஒன்று வெறும் எஃகு, ஒன்று ரப்பர் உறை போட்டது, ஒன்று வழவழப்பாக இழைத்த மரம். மூன்றையும் பையில் போட்டு அக்கா வீட்டுக்கு எடுத்துப்போனேன். கட்டிலில் இருந்தவளைக் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தேன்.

எஃகைத் தொட்டதும் "ஜில்லுனு, பிணம் மாதிரி" என்று தள்ளிவிட்டாள். ரப்பரை இரண்டு நிமிஷம் பிடித்தாள். உள்ளங்கை வேர்த்து, பிடி நழுவ ஆரம்பித்தது. மரத்தைப் பிடித்தபோது அவள் கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டன. அதுதான் சரியான தடிமன். அதை மட்டும் அவள் திருப்பித் தரவில்லை.

"குடுக்கா, எடுத்துட்டுப் போகணும்."

"இருக்கட்டும். இது உன்னை மாதிரி இல்ல. போன் வந்தா விட்டுட்டுப் போயிடாது" என்றாள், கண்ணைத் திறக்காமலேயே.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் மரக் கம்பிக்குக் கையெழுத்துப் போட்டேன். மரம்தான் என்றாலும் வாய்ப்பழக்கத்தில் எல்லோரும் அதைக் கம்பி என்றே சொன்னோம்.

கம்பி வரவேண்டிய பக்கத்தில் இருந்தது செங்கல் சுவர் அல்ல, அலுவலகத்தையும் எங்களையும் பிரிக்கிற ஜிப்சம் போர்டு சுவர். அதைப் போட்ட மேஸ்திரி நல்ல மனிதர். மூடுவதற்கு முன்னால் என்னைத் தேடி வந்தார்.

"மேடம், இது உள்ள காலிங்க. நடுநடுவுல தகரக் கால் நிக்கும், மத்தபடி ரெண்டு பக்கமும் வெறும் போர்டுதான். அது எடை தாங்காது. கம்பி எந்த உயரத்துல வரும்னு இப்பவே சொல்லிட்டீங்கன்னா, அந்த இடத்துல உள்ளுக்குள்ள பிளைவுட் வச்சு மூடிடுவேன். மூடிட்டா அப்புறம் கண்ணுக்கு எல்லாம் ஒரே சுவர்தான்."

"தொண்ணூறு சென்டிமீட்டர்" என்றேன். எல்லா இடத்திலும் வழக்கமான உயரம் அது.

"அந்தக் கோட்டை நடுவுல வச்சு ஒரு சாண் அகலத்துக்கு அடிச்சிடறேன்" என்று காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார்.

மூன்று வாரம் ஆனது. சுவர் மூடி, பட்டி பார்த்து, வெளிர்நீலப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். கம்பியை மாட்ட ஃபிட்டர் வருவதற்கு முந்தின சாயங்காலம் நான் அக்காவை வாக்கரைப் பிடித்து நிற்கச்சொல்லி அளவெடுத்தேன். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அதுதான் கம்பியின் உயரம். அக்கா சின்ன வயசிலிருந்தே குள்ளம். விழுந்த பிறகு கொஞ்சம் கூனவும் ஆரம்பித்திருந்தாள். எழுபத்தாறு வந்தது. தொண்ணூறில் கம்பி இருந்தால் அவள் தோள் காதைத் தொடும். எக்கிப் பிடிப்பாள், பயப்படுவாள், பயந்தால் விழுவாள்.

"மேடம், பேப்பர்ல தொண்ணூறுன்னு இருக்கே?" என்று மறுநாள் ஃபிட்டர் கேட்டார்.

"நான்தானே எழுதினேன், நான்தானே மாத்தறேன். எழுபத்தாறுல போடுங்க."

மேனேஜரிடம், நம்மிடம் வருகிறவர்கள் பாதிப் பேர் கூன் விழுந்த கிழவர்கள், இதுதான் சரி என்று விளக்கம் கொடுத்தேன். அது பொய் இல்லை, ஆனால் காரணமும் அது இல்லை. அக்கா ஒருத்திக்காகத்தான் பதினாலு சென்டிமீட்டர் இறக்கினேன். உள்ளே இருந்த பிளைவுட் இறங்கவில்லை. அது தன் பாட்டுக்கு மேலே தொண்ணூறில் உட்கார்ந்திருந்தது. கம்பியைத் தாங்கும் பிராக்கெட்டுகள் நாலும் அதற்குக் கீழே வந்தன.

கதவோரத்து முதல் பிராக்கெட்டுக்குத் துளை போட்டபோது டிரில் கிறீச்சென்று கத்தியது. அங்கே தற்செயலாகத் தகரக் கால் இருந்தது. மற்ற மூன்றுக்கும் டிரில் வெண்ணெயில் விரல் போன மாதிரி போனது. நான் பக்கத்தில்தான் மண்டியிட்டு உயரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் மாறியதைக் கேட்டேன். நல்ல ஆள், சீக்கிரம் வேலையை முடிக்கிறார் என்று நினைத்தேன். பிளைவுட் என் ஞாபகத்துக்கு வரவே இல்லை. அன்றைக்கு என் மனசு முழுக்க எழுபத்தாறு என்கிற ஒரே எண்தான் இருந்தது.

மாட்டி முடித்ததும் சோதனை. கதவோரத்தில் கம்பியைப் பிடித்து இரண்டு காலையும் தூக்கித் தொங்கினேன். அசையவில்லை. "பாத்தீங்களா சார்?" என்று மேனேஜரிடம் கண்ணடித்தேன். அவர் பயந்துபோய் வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். கதவோரத்தில் மட்டும் தொங்கினேன். அடுத்த மூன்று இடத்தில் தொங்கிப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அக்கா தினமும் வந்தாள். அத்தான் காரில் கொண்டுவந்து விடுவார். கதவோரத்தில் நின்று, கம்பியை இரண்டு கையாலும் நெரித்துப் பிடித்து, நாலு அடி வைப்பாள், நாலு அடி திரும்புவாள், வீல்சேரில் விழுந்து மூச்சு வாங்குவாள். "கம்பியை நம்புக்கா" என்று நான் கத்துவேன். "கம்பியை நம்பறேன்டி, என் காலைத்தான் நம்பல" என்பாள். அவள் நடக்கும்போது உண்மையில் கை நடுங்கியது எனக்குத்தான். வெள்ளைக் கோட்டுப் பைக்குள் விட்டு மறைத்துக்கொள்வேன். ஹெட்மாஸ்டர் நடுங்கினால் பள்ளிக்கூடம் நடக்குமா?

பன்னிரண்டாவது நாள் காலையில் ஆயாம்மா மறுபடி வந்தாள். முகத்தில் கேலி இல்லை.

"மேடம், நேத்து சாயங்காலம் நான் சுத்தமா துடைச்சேன். அதுக்கப்புறம் ரெண்டே பேர்தான் வந்தாங்க. ரெண்டு பேரும் வழுக்கைத் தலை ஆம்பளைங்க. பவுடரை யாரு போட்டது?"

குனிந்து பார்த்தேன். இந்த முறை ஒரு சிட்டிகை இல்லை, ஒரு கரண்டி. விரலில் தொட்டுத் தேய்த்தேன். வாசனை இல்லை. சுண்ணாம்பு மாதிரி நறநறத்தது. மேலே பிராக்கெட்டைப் பிடித்து அழுத்தினேன், அசையவில்லை. கீழ்நோக்கி அழுத்தினேனே தவிர வெளிப்பக்கமாக இழுக்கவில்லை. பட்டி உதிர்கிறது, பெயிண்ட் சரியில்லை என்று நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஆனாலும் போர்டு மேஸ்திரிக்குப் போன் போட்டேன். அடித்து அடித்து நின்றது.

போனைக் கோட்டுப் பையில் போடும்போதே அக்கா வந்துவிட்டாள். அத்தான் அவளை வீல்சேரில் உள்ளே தள்ளி விட்டுவிட்டு, காரை ஓரம் கட்டி வருகிறேன் என்று போனார். அக்கா அன்றைக்குப் பவுடர் கொஞ்சம் தூக்கலாகவே போட்டிருந்தாள்.

"இன்னிக்கு அந்தக் கோடி வரைக்கும் போறேன்" என்றாள். "நீ தொடக் கூடாது. பக்கத்துல வா, ஆனா தொடாதே."

"நாளைக்குப் பாத்துக்கலாமே" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அடிப் பாவி! நாலு மாசமா நட நடன்னு என் உயிரை எடுத்தே. இன்னிக்கு நானா நடக்கறேங்கறேன், வேண்டாங்கறியா? நாளைக்கு எனக்கு இந்தத் தைரியம் இருக்குமோ என்னமோ."

கோடியில் ஒரு கைவைத்த நாற்காலியைப் போட்டேன். அவள் இடுப்பில் துணிப் பட்டையைக் கட்டினேன். வலது கை கம்பியில், இடது கை காற்றில். நான் அவளுக்கு எதிரே, பின்பக்கமாக நடந்துகொண்டு. அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

முதல் பிராக்கெட்டைத் தாண்டினாள். இரண்டாவது வந்தது. நாலு மாசத்தில் அவள் வராத தூரம். நெற்றியில் வேர்வை வந்து பவுடரைக் கோடு கோடாகக் கரைத்தது. அவள் சிரித்தாள். "பாருடி ஒல்லி, பாரு" என்றாள். இரண்டாவதையும் தாண்டி மூன்றாவதின் பக்கம் வந்தாள். களைத்துப்போய் உடம்பின் கனம் முழுவதையும் வலது கைக்குக் கொடுத்தாள், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, கம்பியை நம்பி.

அவள் கைக்குப் பக்கத்தில் சுவரில் ஏதோ அசைந்தது போலிருந்தது. பார்த்தேன். மூன்றாவது பிராக்கெட்டின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு நகக்கண் அளவு இடைவெளி. அதற்குள்ளிருந்து வெள்ளைப் பொடி ஒரு நூல் மாதிரி இறங்கி, அக்காவின் செருப்பின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்குப் பிளைவுட் ஞாபகம் வந்தது. மேஸ்திரியின் பென்சில், தொண்ணூறு, ஒரு சாண், டிரில் சத்தம், எல்லாம் ஒரே நொடியில். அக்கா பிடித்திருந்தது ஒன்றுமில்லாத சுவரை.

பதினேழு வருஷத்தில் எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு. விழுகிற உடம்பை யாராலும் தாங்கிப் பிடிக்க முடியாது. மெல்லத் தரையில் இறக்கத்தான் முடியும். அக்காவின் எடையில் நான் பாதி. மெல்ல இறக்கினாலும் அந்த இடுப்பு தாங்காது. கத்தினால் அவள் பயப்படுவாள். பயந்தால் அவள் செய்கிற ஒரே காரியம் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துப் பின்னால் சாய்வது. அப்படிச் சாய்ந்தால் கம்பி அவளோடு வந்துவிடும்.

"அக்கா, அப்படியே நில்லு." என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. ஓர் அடி முன்னால் வந்தேன். "இடது கையை என் தோள்ல வை."

"எதுக்கு? கம்பி இருக்கே."

"சும்மா வையேன். இது அடுத்த பாடம்."

"இன்னிக்குக் கோடி வரைக்கும்தான் பாடம். அடுத்தது எல்லாம் நாளைக்கு." என்னை உற்றுப் பார்த்தாள். "உன் மூஞ்சி ஏன் இப்படி வெளுத்திருக்கு?"

"பசி."

"பொய்."

அவள் விரல்கள் கம்பியில் இறுகின. பொடி கொஞ்சம் வேகமாக விழுந்தது. அந்த நேரம் பார்த்து என் கோட்டுப் பையில் போன் அடித்தது.

அக்காவின் கண் சட்டென்று என் பைக்குப் போனது. அங்கிருந்து என் முகத்துக்கு வந்தது. அவள் உடம்பு முழுவதும் விறைத்ததை நான் பார்த்தேன். நாலு மாசமாக அவள் கேலியாகவே சொல்லி வந்தது கேலி இல்லை என்று அப்போது புரிந்தது. நான் போன் எடுக்கப் போய்விடுவேன் என்று அவள் பயந்தாள். தோள் பின்னால் போனது. கம்பி லேசாக முனகியது.

"எடு" என்றாள். "அன்னிக்கு மாதிரி. எடுத்துக்கோ போ. எனக்குக் கம்பி இருக்கு."

"எடுக்க மாட்டேன்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிடிச்சிருக்கேன், ஒண்ணுமில்ல, பயப்படாதே, நான் இருக்கேன் என்று எத்தனையோ சொல்ல முடியும், என் தொழிலே அந்த வார்த்தைகள்தான். ஆனால் அதில் ஒன்றையும் இவள் நம்ப மாட்டாள். இவளிடம் ஒரு தடவை அந்த வார்த்தைகளைப் பொய்யாகச் சொல்லி முடித்தவள் நான். அப்புறம் எனக்கு மிஞ்சியது உண்மை மட்டும்தான்.

"அக்கா, நான் சொல்றதைக் கேளு. கத்தாதே, சாயாதே. கம்பி சுவரை விட்டு வருது. உள்ள பிடிமானம் இல்ல. உன் உயரத்துக்குன்னு நான் கீழ இறக்கினேன், அதுல தப்புப் பண்ணிட்டேன். அன்னிக்கும் நான்தான் விட்டேன், இன்னிக்கும் நான்தான். ஆனா இப்ப விட மாட்டேன். எனக்கு உன்னைவிடப் பயமா இருக்கு. கையை எங்கிட்ட குடு."

அக்கா திரும்பவில்லை. கண்ணை மட்டும் ஓட்டி, சுவரிலிருந்த இடைவெளியைப் பார்த்தாள். இப்போது அதில் ஒரு விரலே நுழையும். அவளுடைய இடது கை மெல்ல எழுந்து என் தோளில் விழுந்தது. நகம் கோட்டைத் தாண்டிச் சதையில் இறங்கியது.

"இன்னொண்ணு" என்றேன்.

"முடியாதுடி."

"ஒவ்வொரு விரலா எடு."

போன் நின்றது. உடனே மறுபடி அடிக்க ஆரம்பித்தது. சுண்டுவிரலை எடுத்தாள். மோதிர விரலை எடுத்தாள். நடுவிரலில் நின்றுவிட்டாள். நான் இரண்டு கையாலும் அவள் இடுப்புப் பட்டையைப் பிடித்து, என் காலை அகட்டி ஊன்றி, அவள் கண்ணை மட்டும் பார்த்தேன். கீழே பார்த்தால் நான் விழுந்துவிடுவேன் போலிருந்தது. எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. வலது கை வந்து என் அடுத்த தோளில் விழுந்தபோது, அந்தக் கனத்தில் என் முழங்கால் மடங்கி நிமிர்ந்தது.

நாற்காலிக்கு ஐந்து அடி. நான் பின்பக்கமாக, அவள் என் மேல் சாய்ந்து. நாலு மாசத்துக்கு முன்னால் போனுக்கும் அவளுக்கும் நடுவே இருந்ததும் ஏறக்குறைய இதே தூரம்தான். போன் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்து அதிர்ந்துகொண்டே வந்தது. ஒவ்வோர் அடிக்கும் அவள் மூச்சு என் காதில் பட்டது. நாற்காலியில் அவள் உட்கார்ந்த பிறகும் என் கை பட்டையை விடவில்லை. விடச் சொல்லி விரல்களுக்குக் கட்டளை போட்டேன், கேட்கவில்லை.

அப்புறம்தான் போனை எடுத்தேன். மேஸ்திரி. "மேடம், போன் பண்ணியிருந்தீங்களே? பிளைவுட் தொண்ணூறுலதான் இருக்கு, நீங்க சொன்ன மாதிரியே. ஏன், என்ன ஆச்சு?" என்றார். நான் எழுந்து போய் மூன்றாவது பிராக்கெட்டை இரண்டு விரலால் என் பக்கம் இழுத்தேன். பல் பிடுங்கின மாதிரி வந்தது. அதோடு கையகலப் போர்டும் பெயர்ந்து வந்தது. கம்பியின் அந்தப் பாதி நாலாவது பிராக்கெட்டையும் பிடுங்கிக்கொண்டு தொங்கி, தரையில் இடித்து, அறை முழுவதும் வெள்ளைத் தூசி எழும்பியது. ஓட்டைக்குள் வெறும் இருட்டு.

சத்தம் கேட்டு அத்தான் ஓடி வந்தார். சுவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. கம்பி சரியில்ல" என்று அக்கா முந்திக்கொண்டாள். நாலு மாசத்துக்கு முன்னால் வாயை மூடி என்னைக் காப்பாற்றினாள். இப்போது வாயைத் திறந்து காப்பாற்றுகிறாள். எனக்குப் போதும் என்றிருந்தது.

"கம்பி நல்ல கம்பிதான் அத்தான். உயரத்தை மாத்தினது நான். பிளைவுட்டை மறந்தது நான். அன்னிக்குப் பாத்ரூம்லயும் நான் பிடிச்சிட்டு இருக்கல. போன் எடுக்கப் போயிட்டேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அத்தான் கைக்குட்டையை எடுத்து, அக்காவின் முகத்திலிருந்த தூசியை, பவுடரோடு சேர்த்துத் துடைத்தார்.

"தெரியும்மா" என்றார். "அன்னிக்கே, ஆபரேஷனுக்கு உள்ள போறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா."

"தெரிஞ்சுமா தினமும் எங்கிட்ட கொண்டுவந்து விட்டீங்க? உங்க வீட்டுக்குப் பக்கத்துலயே வேற பிசியோ இருக்காரே?"

"நானும் அதைத்தான் சொன்னேன். ரெண்டு பேர்கிட்ட கூட்டிட்டும் போனேன். எழுந்து நிக்கவே மாட்டேன்னுட்டா. நின்னா தங்கச்சி முன்னாடிதான் நிப்பேன்னு ஒரே பிடிவாதம்."

அக்கா என்னைப் பார்க்காமல் செருப்பின் மேலிருந்த பொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து அவள் இடுப்புப் பட்டையை மறுபடி பிடித்ததும், என் கோட்டின் தோள் துணி மறுபடி அவள் வலது கைக்குள் கசங்கியது. கம்பியைத்தான் நம்புகிறாள் என்று நான் நினைத்திருந்தவரை எனக்கு இருந்த பயம் ஒன்று. அவள் நம்பியது என்னை என்று தெரிந்தபோது வந்தது அதைவிடப் பெரியது.

"விடாதே" என்றாள் அக்கா. "காருக்கு நடந்தே வர்றேன்."